சத்தியசீலன் நடை

வினோதினி தன் புருஷனாக நடக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை நடை நாள். காலை ஆறு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் வயலை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். வெறுங்கால். வரப்பில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஐம்பது தப்படிக்குள் ஒரு நாய் குறுக்கே ஓடினாலும் முதலிலிருந்து நடக்க வேண்டும்.

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் மணல் பையைச் சுற்றிக்கொள்வாள். சத்தியசீலனுக்கும் அவளுக்கும் இருந்த எடை வித்தியாசம் பதினோரு கிலோ. ஒன்பது வருடத்தில் அவள் உடம்பு போட்டதில் மணல் நான்கு கிலோவாகக் குறைந்திருந்தது. பிறகு இடது குதிகாலைத் தரையில் படவிடாமல், முன்பாதத்தை மட்டும் ஊன்றி, வலது காலில் கனத்தை இறக்கி, விந்தி விந்தி நடப்பாள்.

வரப்பின் ஈசானிய மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கம்பம் நட்டிருக்கிறது. அரசாங்க ஏட்டில் அதற்கு நீளமான பெயர். மேலப்பனங்குடியில் அதைக் காதுக்கல் என்பார்கள். மண்ணுக்குள் காலடி அதிர்வதைக் கேட்டு, நடப்பது யார் என்று அது கண்டுபிடிக்கும். பட்டாக்காரரின் காலடிதான் என்று தெரிந்தால் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு வயல் தண்ணீருக்குள் கல் ஒரு மெல்லிய அதிர்வை அனுப்பும். அந்த அதிர்வு பட்டால்தான் மானிய யூரியா கரையும். படாவிட்டால் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடக்கும்.

அன்றைக்குப் பச்சை விளக்கு எரியவில்லை. மஞ்சள் எரிந்தது.

ஒன்பது வருடத்தில் அவள் மஞ்சளைப் பார்த்ததே இல்லை. சம்பா நட்டு இருபது நாள். மேலுரம் போட வேண்டிய நேரம். பயிர் ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் பத்து நாள் தாமதித்தால் தூர் கட்டாது. தூர் கட்டாத பயிரில் வைக்கோல்தான் மிஞ்சும்.

"மணலை எறக்கி வச்சிருங்கக்கா. நான் பாத்துட்டேன்."

வாய்க்கால் மதகின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் தட்டைக் கணினி. ஐம்பத்தோராவது தப்படியில் மிகச் சரியாக உட்கார்ந்திருந்தான்.

வினோதினி மணல் பையைக் கையால் மறைத்தாள். "இது... இடுப்பு வலிக்கு ஒத்தடம்."

"மணல்லயா?"

"சுட்ட மணல்."

அவன் சிரித்துவிட்டான். "பேரு செபாஸ்டின். உரக் கண்காணிப்புப் பிரிவு. பயப்படாதீங்க, நான் உங்களப் பிடிக்க வரல. உங்கள மாதிரி நடக்கிறவங்களயெல்லாம் பிடிச்சா எங்க திருநெல்வேலி ஜெயிலும் பத்தாது, உங்க திருச்சி ஜெயிலும் பத்தாது. ஒரு விஷயம் ஆமாவா இல்லையான்னு சொல்லணும், அவ்வளவுதான்."

அவள் மணல் பையை அவிழ்த்து வரப்பில் வைத்தாள்.

அவள் மட்டுமா நொண்டுகிறாள்? மேலப்பனங்குடியே நொண்டும். பத்து வருடத்துக்கு முன் நடைப் பதிவு முகாம் இந்த ஊருக்கு வந்தது ஓர் ஐப்பசியில். நடவு முடிந்த வாரம். சேற்றிலேயே நின்று நின்று ஊரில் ஒரு கால் பாக்கியில்லாமல் சேற்றுப்புண். விரலிடுக்கெல்லாம் வெந்து, ஆளாளுக்கு மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு திரிந்த சமயம். 'இன்று விட்டால் அடுத்த வருடம்தான்' என்று அதிகாரிகள் சொன்னதும், எல்லோரும் வந்து விந்தி விந்தி நடந்து பதிந்துவிட்டுப் போனார்கள். புண் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. பதிவு ஆறவில்லை. நல்ல காலோடு நடந்தவர்களைக் கல் 'யார் நீ' என்றது. அன்றிலிருந்து நடை நாள் காலையில் ஊர் முழுக்க, வயலுக்கு ஒருவராக, நொண்டிக்கொண்டு சுற்றும். கண்டமங்கலத்துக்காரர்கள் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரிப்பார்கள்.

சத்தியசீலன் பதிந்தது அந்த முகாமில்தான். பதிந்த எட்டாவது மாதம், ஏலத் தோட்ட வேலைக்கென்று மலையாளப் பக்கம் போனான். நட்ட அந்தச் சம்பா கடைசித் தண்ணீர் இல்லாமல் கருகியிருந்தது. போகாமல் முடியவில்லை. அந்த ஆடியில் மலை சரிந்தது. தோட்டக் குடியிருப்பு இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. முப்பத்தெட்டுப் பேர் கிடைக்கவே இல்லை. பட்டியலில் இருபத்திரண்டாவது பெயர் அவனுடையது.

உடல் இல்லாததால் இறப்புச் சான்று இல்லை. சான்று இல்லாததால் பட்டா பெயர் மாற்றம் இல்லை. ஏழு வருடம் கழித்து நீதிமன்றத்தில் கேட்டால் இறந்ததாக அறிவிப்பார்கள் என்றார் வக்கீல். ஆனால் அப்படி அறிவித்த நிமிடமே காதுக்கல்லுக்கும் அவன் செத்துவிடுவான். வினோதினி பெயரில் புதிதாகப் பதியலாம் என்றால், ஏழு வருடமாக அரசாங்கம் புதுக் கால் எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் மானியச் செலவு ஏறுமாம்.

ஆகவே அவள் நடந்தாள். அவன் பழைய ரப்பர் செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து எந்தப் பக்கம் அழுத்துவான் என்று கண்டுபிடித்தாள். முகாமன்று யாரோ கைபேசியில் எடுத்த பதினேழு நொடிப் படத்தை ஆயிரம் தடவை பார்த்தாள். நான்கு மாதம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். நெல் பிழைத்ததற்காகவா, அவன் வந்துவிட்டதுபோல் இருந்ததற்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பூ வைத்துக்கொண்டால், "புருஷன் மண்ணுக்குள்ள கெடக்கான், இவளுக்குப் பூவப் பாரு" என்றார்கள். வைக்காவிட்டால், "சீலன் பேர்ல உரம் வாங்குறா, அவன் இருக்கப்பவே தாலியறுத்தவ மாதிரி நிக்கிறா" என்றார்கள். கல்யாணத்துக்கும் கூப்பிடுவதில்லை, காரியத்துக்கும் கூப்பிடுவதில்லை. எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று அவர்களுக்கும் தெரியாதே.

செபாஸ்டின் தட்டைக் கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"இது உங்க வயல். இந்தப் புள்ளியெல்லாம் காலடி. சரியா? இப்ப இதப் பாருங்க. தேனி மாவட்டம், வெள்ளக்கரடுன்னு ஒரு ஊரு. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. இதுவும் காலடிதான். போன மாசம் எல்லா மாவட்டத்துப் பதிவையும் மொத மொதல்ல ஒண்ணாப் போட்டு ஒப்பிட்டாங்க. அதுல மாட்டுச்சு. ஒரே கால், ரெண்டு ஊருல, ஒரே நாளு நடக்குது. ரெண்டும் சத்தியசீலன்னு சொல்லுது மிஷின். இது அவரு நடைதானா?"

அவள் குனிந்து வெள்ளக்கரட்டுக் காலடியைப் பார்த்தாள். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். இடதும் வலதுமாக மாறி மாறிப் போய் வரப்பின் கோடியில் திரும்புகின்றன. திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் பின்னால் தள்ளி விழுந்திருந்தது. அரை அடி பின்வாங்கி, பிறகு திரும்புகிறான். வண்டி மாட்டைத் திருப்புகிறவன் போல.

அந்த அரை அடியைப் படிப்பதற்கு அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. உலகத்தில் அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு.

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு செங்கால் நாரை இறங்கியது. புள்ளிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள்.

"அங்க என்ன பயிரு?"

"சோளம். ஊடால மொச்சை."

"அவருக்குச் சோளம் போடத் தெரியாதே."

செபாஸ்டின் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"அங்க முத்தையாங்கிற பேர்ல பதிஞ்சிருக்கு. ஏழு வருசத்துக்கு முன்ன, சேர்க்கைய மூடுறதுக்கு ஒரு மாசம் இருக்கப்ப. நிலம் பேச்சியம்மாள்னு ஒரு பொம்பளயோடது, பட்டாவ இவரு பேருக்கு மாத்தியிருக்கு. ரெண்டு பிள்ளைய. இவரு அங்க..." அவன் நிறுத்தினான். "சேர்ந்து இருக்காரு."

"பிள்ளைங்களுக்கு என்ன வயசு?"

"அது எனக்கு எதுக்குக்கா? காதுக்கல்லு அதெல்லாம் கேக்கறதில்ல."

"சரி. இப்ப நான் என்ன செய்யணும்?"

"விதி இதுதான். ஒரே கால் ரெண்டு இடத்துல இருந்தா ஒண்ணு பொய். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல நடக்க விடணும். யாருக்குப் பொருத்தம் கொறையுதோ அவங்களுக்கு உரம் கட்டு. ஆள்மாறாட்டக் கேஸு. ரெண்டு வருசம் உள்ள."

"அப்ப நான் உள்ள போறேன்."

"அதான் இல்ல." செபாஸ்டின் தலையைச் சொறிந்தான். "உங்களுக்குப் பொருத்தம் தொண்ணூத்தாறு. அவருக்கு எழுபத்தெட்டு."

"அவருதானே அவரு?"

"நமக்குத் தெரியுது. கல்லுக்குத் தெரியலயே. கல்லப் பொறுத்தவரைக்கும், பத்து வருசத்துக்கு முன்ன ஒரு ஐப்பசி மாசம் நொண்டிக்கிட்டு நடந்த ஆளுதான் சத்தியசீலன். அவரு இப்ப நொண்டறதில்ல. வயசும் ஆயிட்டு. அந்த ஆளு மாதிரி இன்னிக்கு உலகத்துலயே நீங்க ஒருத்தருதான் நடக்கிறீங்க." கணினியை மூடினான். "வியாழக்கெழம பத்து மணிக்கு. இங்க நீங்க, அங்க அவரு. ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ரெண்டு பக்கமும் ஒலிக்க விடணும். பின்னால யாரும் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக்கூடாது பாருங்க."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். வினோதினி வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். எதிர் வயலில் கலாவதி மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு?" என்று கத்தினாள். கத்தினாளே தவிர வரப்பைத் தாண்டி வரவில்லை. அவளுக்கு அன்றைக்கு நடை இன்னும் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் கோதண்டம் வந்தார். ஒன்றியச் செயலாளர். எந்தக் கட்சி என்பது அந்தந்தத் தேர்தலைப் பொறுத்தது. மேலப்பனங்குடியில் பாதிப் பேருக்கு அவர் மாமா, மீதிப் பேருக்கு அண்ணன். வினோதினிக்கு மாமா.

வாசல் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன். உசுரோடதான் இருக்கானாமே, ராஸ்கல்."

அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"இத பாரு வினோதினி, நான் பூசி மொழுகிப் பேச மாட்டேன். நம்ம ஊருல நூத்தி நாப்பது காதுக்கல்லு. அதுல பட்டாக்காரன் நடக்கிறது அறுபது. மீதியெல்லாம் யாரு? குத்தகைக்காரன் நடக்கிறான், மருமவ நடக்கிறா, சென்னையில அடுக்குமாடியில இருக்கிறவனுக்குச் சம்பந்தி நடக்கிறான். மொத்தமும் பொய்க்கால். நீ போயி அந்த அதிகாரிகிட்ட 'நான் அவரில்ல'ன்னு வாயத் தொறந்து சொன்னியோ, அது வாக்குமூலம். வாக்குமூலம் வந்தா ஊரு முழுக்க மறுபரிசோதனை. இந்தச் சம்பாவுக்கு ஒருத்தனுக்கும் உரம் கரையாது."

"நான் எதுவும் சொல்லல மாமா."

"சொல்லாத. ஒனக்கு நடக்க இஷ்டமில்லன்னா தப்பா நட. கால் தவறினா ஒன்னோட போயிடும். வாய் தவறினா ஊரோட போயிடும்." தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "ஆனா ஏன் தப்பா நடக்கணும்ங்கிறேன்? ஒன்பது வருசம் அவனுக்காக நடந்த. ஒரே ஒரு நாளு அவனுக்கு எதிரா நட. தீந்துச்சு."

"ஒண்ணு கேக்கட்டுமா மாமா? எதுக்கு இந்தக் கல்லு? உரம் குடுக்க மனசில்லன்னா நிறுத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

கோதண்டம் சிரித்தார். முதல் தடவையாக உண்மையாகச் சிரித்தார்.

"நிறுத்துனா நாற்காலி போயிடும். எல்லாருக்கும் குடுத்தா கஜானா போயிடும். முன்னாடியெல்லாம் மானிய யூரியா பாதி பிளைவுட் கம்பெனிக்குப் பசை காய்ச்சப் போவும். அதத் தடுக்கத்தான் கல்லுன்னாங்க. நல்லதுதான். ஆனா ஒரு ருசி கண்டுட்டாங்க, பாத்துக்க. மூட்டை மூட்டையாக் குடுத்த கணக்கும் இருக்கும், முக்கால்வாசி கரையாமயும் கெடக்கும். குடுத்த புண்ணியமும் உண்டு, செலவும் இல்ல. எந்தக் கட்சி வந்தாலும் கல்லப் புடுங்க மாட்டான். நாங்க வந்தாலும் புடுங்க மாட்டோம்." எழுந்து துண்டை உதறினார். "நீ ஒழுங்கா நட. அவன் களி திங்கட்டும்."

அவர் போன பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிட்டது போலிருந்தது.

கோபம் அப்போதுதான் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்பே பதிந்திருக்கிறான். மலை சரிந்து இரண்டு வருடம் கழித்து. அந்த வருடம் அவள் டைபாய்டில் படுத்துக் கிடந்தாள். நடை நாள் தவறினால் போச்சு என்று, காய்ச்சலோடு எழுந்து, இடுப்பில் ஒன்பது கிலோ மணலைக் கட்டிக்கொண்டு அவனாக நடந்தாள். அதே காலை அவன் அங்கே அவனாக நடந்திருப்பான். ஒரு கடிதம் இல்லை. ஒரு 'இருக்கிறேன்' இல்லை.

வியாழக்கிழமை வரைக்கும் அவள் முற்றத்தில் பழகினாள். குதிகால் ஒரு முறைகூடத் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் செபாஸ்டின் வந்து காதுக்கல்லின் பக்கவாட்டில் சிறிய ஒலிபெருக்கியைப் பொருத்தினான். அவள் மணலைக் கட்டிக்கொண்டதை அவன் பார்க்காத மாதிரி இருந்தான். கைபேசியில், "தேனி ரெடியா? ஆங்... விடுங்க" என்றான்.

முதலில் ஒரு சரசரப்பு. பிறகு காலடி.

தொம். தொம். தொம்.

காய்ந்த மண்ணில் வெறுங்கால் ஊன்றும் சத்தம். நொண்டல் இல்லை. நிதானமாக, கொஞ்சம் கனமாக. பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் எடுத்து வைக்கிறான். ஏலத் தோட்டத்துக்குப் பேருந்து ஏறியபோது அவனுக்கு முப்பத்து நான்கு. அந்த ஆள் இப்படி நிற்க மாட்டான்.

"நடங்கக்கா," என்றான் செபாஸ்டின் மெதுவாக, கல்லோரம் கால் அசைக்காமல் நின்றபடி.

அவள் நடந்தாள். கிழக்கு வரப்பு. முன்பாதம், கனம், முன்பாதம், கனம். கோடியில் அரை அடி பின்வாங்கித் திரும்பினாள்.

"தொண்ணூத்தாறு."

தெற்கு வரப்பு. அவளுடைய காலடியும் அவனுடைய காலடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இரண்டு பேரும் சேர்ந்து இந்த வரப்பில் நடந்து பத்து வருடம். இப்போது நடக்கிறார்கள். நடுவில் முந்நூறு கிலோமீட்டர்.

"தொண்ணூத்தேழு. அங்க எழுபத்தாறு. ஜெயிச்சிட்டீங்கக்கா."

தெற்கு வரப்பு முடியும்போது ஒலிபெருக்கியில் சத்தம் நின்றது.

"என்ன ஆச்சு?"

"அவருக்கு முடிஞ்சிட்டு. சின்ன வயல்தானே. நீங்க நடங்க. உங்க சத்தம் இப்ப அங்க கேக்குது. உக்காந்து கேக்கிறாராம்."

வினோதினி அப்படியே நின்றுவிட்டாள்.

கேட்கிறான். அங்கே சோளக் கொல்லையில் உட்கார்ந்து, இந்த ஊர் வரப்பைக் கேட்கிறான். என்ன கேட்கும் அவனுக்கு? சேற்றுப்புண் வந்த ஒரு முப்பத்து நான்கு வயதுக்காரன் நொண்டிக்கொண்டு போகிற சத்தம். அவன் சத்தம். அவள் இங்கே இருந்தாள், ஒன்பது வருடம் இருந்தாள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவனுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும், கிடைக்கக் கூடாது என்பதெல்லாம் விலகிப் போய், ஒரே ஓர் ஆசை மட்டும் மிஞ்சியது. நான்தான் நடக்கிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வாயைத் திறக்க முடியாது, நூற்று நாற்பது வயல் இருக்கிறது. காலால்தான் சொல்ல முடியும். சொன்னால் வயல் போகும், விளக்கு சிவப்பாகும், இந்த வெளிறிய பயிர் அப்படியே நின்று மக்கும். தெரிந்துதான் அவள் மணல் பையை அவிழ்த்தாள். அது வரப்பில் தொப்பென்று விழுந்தது.

"யக்கா, என்ன செய்யுதீங்க?"

இடது குதிகாலைத் தரையில் ஊன்றினாள். முழுப் பாதமும் பதிய நடந்தாள். மேற்கு வரப்பு. இது வினோதினி. காதில் கேட்கிறதா?

"தொண்ணூத்தி நாலு," என்றான் செபாஸ்டின்.

அவள் திடுக்கிட்டாள். இன்னும் வேகமாக எட்டுவைத்தாள். கைகளை வீசினாள். கல்யாணத்துக்கு முன் பஞ்சு மில்லில் ஷிப்டுக்குப் போகும்போது எப்படி நடப்பாள்? தோழிகள் நால்வர், கையைக் கோத்துக்கொண்டு... கை ஞாபகம் இருந்தது. கால் ஞாபகம் இல்லை.

"தொண்ணூத்திரெண்டு."

வலது காலில் கனம் தானாக இறங்கியது. நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள், எட்டைச் சுருக்கிப் பார்த்தாள். வரப்பின் கோடி வந்தது. உடம்பு அவளைக் கேட்காமலே அரை அடி பின்வாங்கித் திரும்பியது.

"தொண்ணூத்தி மூணு."

வடக்கு வரப்பு பூராவும் அவள் தன்னைத் தேடிக்கொண்டே நடந்தாள். கிடைக்கவில்லை.

கல்லின் உச்சியில் பச்சை விளக்கு எரிந்தது. வயல் தண்ணீரின் மேல் மெல்லிய நடுக்கம் ஓடியது. செபாஸ்டின் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனான். "ம்... ம்... அப்படியா சொன்னாரு? எழுதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டது. திரும்பி வந்தபோது அவன் முகம் குழம்பியிருந்தது.

"முடிஞ்சிட்டுக்கா. கேஸு இல்ல. ரெண்டு பேருக்கும் உரம் உண்டு."

"எப்படி?"

"அவரு வாக்குமூலம் குடுத்துட்டாரு. தன் பேரு முத்தையாதான், சத்தியசீலன்னு யாரையும் தெரியாது, மேலப்பனங்குடியில தனக்கு ஒருத்தரும் கெடையாதுன்னு. மிஷின் எழுபத்தாறு சொல்லுது, ஆளே நான் இல்லங்காரு. எண்பதுக்குக் கீழன்னா வாக்குமூலத்த எடுத்துக்கிடலாம். ரெண்டும் வேற வேற ஆளுன்னு பைசல் பண்ணியாச்சு." கொஞ்சம் தயங்கினான். "கடைசியா ஒண்ணு சொன்னாராம். 'சத்தியசீலன் அவன் ஊருலதான் இருக்கான். நான் இப்பத்தான் அவன் நடந்தத என் காதால கேட்டேன்'னு."

"கடைசி ரெண்டு வரப்பும் கேட்டாரா?"

"முழுசும் கேட்டாராம்."

"அப்பவுமா அப்படிச் சொன்னாரு?"

"அதுக்கப்புறந்தான்க்கா சொன்னாரு."

வினோதினி தலையாட்டினாள். அவளைக் காப்பாற்றினானா, கடைசித் தடவையாக விட்டுவிட்டுப் போனானா? இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

"வேற எதாவது கேட்டாரா?"

"இல்லக்கா. கையெழுத்துப் போட்டுட்டு மொச்சைக்கு மருந்தடிக்கப் போயிட்டாராம்."

அவள் வரப்பில் வைத்திருந்த யூரியா மூட்டையைப் பிரித்தாள். கூடையில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். வெள்ளைக் குருணைகள் தண்ணீரில் விழுந்து, ஒரு விநாடி மின்னி, கரைந்தன. செபாஸ்டின் மதகில் உட்கார்ந்து பைசல் படிவத்தை நிரப்பினான். ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாகக் கேட்டான். சர்வே எண். பரப்பு. பயிர். அவள் உரத்தை வீசிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வீட்டுல எத்தன பேருக்கா?"

"ஒருத்தர்தான்."

"பேரு?"

அவள் கூடைக்குள் கையை விட்டாள். ஒரு பிடி அள்ளினாள். வீசினாள்.

"சத்தியசீலன்," என்றாள்.

செபாஸ்டின் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் குனிந்து அப்படியே எழுதிக்கொண்டான்.